கையெழுத்தில்லாத கடிதம்

வளர்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் 'புரிந்துகொள்ள' வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். பத்திரிகைகளில் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். சொல்லும் தொனியில் ஒரு கடைக்காரரின் உத்தரவாதம் இருக்கிறது: புரிந்துகொண்டால் பொறுமை வரும், பொறுமை வந்தால் பிள்ளை வழிக்கு வரும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே எனக்குச் சந்தேகம். புரிவதால்தான் பொறுக்கிறோம் என்றால், புரியாத இடத்தில் பொறுக்க வேண்டிய கட்டாயமில்லை என்றாகிவிடுகிறது. ஆனால் பதினாறு வயதில் ஒரு ஜீவன் தன்னைப் பெற்றவர்களுக்குப் புரியாமல் போவது விபத்தல்ல. அந்த வயதின் காரியமே அதுதான்.

தமிழில் பொறுத்தல் என்ற சொல்லுக்குத் தாங்குதல், சுமத்தல் என்ற பொருளும் உண்டு. பொறை என்றால் பாரம். வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தை நிலத்தை உவமை காட்டித் தொடங்கியது இந்தப் பொருளை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். கீழமாசி வீதிக் கடைகளுக்கு மூட்டை இறக்குகிறவர் உள்ளே இருப்பது மல்லியா மிளகாயா என்று விசாரித்துவிட்டு முதுகைக் கொடுப்பதில்லை. பொறுமைக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒன்று மற்றதற்கு நிபந்தனையா என்பதுதான் கேள்வி. இதை வெறும் சொற்களில் உருட்டிக்கொண்டிருப்பதைவிட, நான் குடியிருக்கும் சிம்மக்கல்லிலிருந்து கோயிலைச் சுற்றிக்கொண்டு தெற்கே நடந்தால் எட்டிவிடுகிற ஒரு வீட்டில் நடந்ததை வைத்துக்கொண்டு யோசிப்பது நல்லது.

சொக்கப்ப நாயக்கன் தெரு வீடு. 1896. வேங்கடராமன் என்ற பையன் அங்கே சிற்றப்பா சுப்பய்யர் வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். 1892-இல் திருச்சுழியில் தகப்பனார் சுந்தரமய்யர் இறந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்தவன் நாகசாமியும் இவனும் மதுரைக்கு வந்தார்கள். சிறிய பிள்ளைகள் தாய் அழகம்மாளோடு மானாமதுரைக்குப் போனார்கள். பின்னால் இந்தப் பையனுக்கு ரமண மகரிஷி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை இக்கட்டுரையில் கூடியவரை தள்ளியே வைக்க விரும்புகிறேன். காரணம் பின்னால் தெரியும். இப்போதைக்கு அவன் பையன். பந்து விளையாடுவான், வைகையில் நீந்துவான், சிலம்பமும் குஸ்தியும் பிடிக்கும், படிப்பில் சராசரி. தூக்கம் மட்டும் அசாதாரணம். தூங்கும்போது மற்றப் பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுக் கொண்டுவந்து போடுவார்களாம், அவனுக்குத் தெரியாதாம். விழித்திருக்கும்போது அவனை அடிக்கத் தைரியமில்லாத பையன்கள்.

1896 ஜூலை நடுவில், மாடி அறையில் தனியாக இருந்தபோது மரண பயம் வந்து, செத்தவன்போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று பார்த்தான். அந்த அனுபவத்தின் தத்துவார்த்தத்தைப் பற்றி ஒரு நூலகமே எழுதப்பட்டிருக்கிறது. என் அக்கறை கீழ்த்தளத்தில். அந்த வீட்டில் இருந்த பெரியவர்களுக்கு அடுத்த ஆறு வாரங்களில் என்ன தெரிந்தது? பையன் சாப்பாட்டில் ருசி பார்ப்பதில்லை. சிநேகிதர்களோடு போவதில்லை. சொன்ன வேலையைச் செய்கிறான், ஏச்சையும் வாங்கிக்கொள்கிறான், எதிர்த்துப் பேசுவதில்லை. சாயங்காலமானால் கோயிலுக்குப் போய் நிற்கிறான். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வேறெங்கோ இருக்கிறான். பதினாறு வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இந்த ஜாபிதாவில் பாதிக்கு மேல் டிக் அடிக்கலாம். அனுபவம் மாடியில் நடந்தது. கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்தது அதன் கழிவு மட்டுமே. இதற்காக அவர்களைக் குருடர்கள் என்று சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29. ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காமல் போனதற்குத் தண்டனையாக மூன்று தடவை எழுத வேண்டும். பையன் இரண்டு தடவை எழுதினான். மூன்றாவதில் சலித்து நோட்டை மூடிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான். இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் என்ன கேடு என்ற பொருளில். தகப்பனில்லாத வீட்டில் தகப்பன் ஸ்தானத்தை ஏற்றுக்கொண்ட ஒரு கல்லூரி மாணவனின் எரிச்சல் அது. வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் அந்த ஆறு வாரங்களில் யாரும் சொன்ன ஒரே சரியான வாக்கியம் அதுதான். நாகசாமி கேள்வியைப் பிழையின்றிக் கேட்டுவிட்டான். அதைக் கேள்வியாக நினைத்துக் கேட்கவில்லை. நம்முடைய ஏச்சுகளில் எத்தனை இந்த மாதிரி என்று யோசிக்கலாம். கோபத்தில் அலங்காரமாகச் சொல்கிறோம். பிள்ளை அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

பையன் எழுந்தான். மின்சாரத்தைப் பற்றிப் பள்ளியில் ஸ்பெஷல் வகுப்பு இருக்கிறது என்றான். பொய். சரி, போகிற வழியில் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு, பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொள் என்றான் அண்ணன். பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்துத் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று முடிவுசெய்து (அதற்குள் புதிய ரயில்பாதை வந்திருந்தது, தேசப்படத்துக்குத் தெரியாது) மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பொய்யைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த வீட்டில் வெளியே போக ஒரே ஒரு வாசல்தான் அங்கீகரிக்கப்பட்டிருந்தது, அதற்குப் பெயர் பள்ளிக்கூடம். கோயிலுக்கு என்று சொல்லியிருந்தால் படிப்பைப் பற்றிய பேச்சு மறுபடி தொடங்கியிருக்கும். பொய்யின் வடிவத்தைப் பொய் கேட்கிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

கடிதம் பிரசித்தமானது. எழுத்துக்கெழுத்து அதைத் தர வேண்டியதில்லை. 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்தில் எழுதுகிறவன் தன்னை 'இது' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறான். முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. மூன்று நான்கு வரிக்குள் தன்மை ஒருமை அஃறிணையாகி, அதுவும் வெறும் கோடாகிவிட்டது. இதை அத்வைதத்தின் இலக்கண நிரூபணமாகப் படிக்கிறார்கள், படிக்கட்டும். ஆனால் அந்தக் காகிதம் முதலில் ஒரு வீட்டுக்கு வந்த கடிதம். அதைப் படித்தவர்கள் சிற்றப்பாவும் சிற்றன்னையும் அண்ணனும். அவர்களுக்கு எழுதியவன், தன் தகப்பனாரைத் தேடிப் போவதாக எழுதியிருந்தான். தகப்பனார் செத்து நாலரை வருஷமாகிறது! அந்த வரியைப் படித்த சுப்பய்யருக்கு அருணாசலம் ஞாபகத்துக்கு வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? இந்தப் பையனுக்கு நாலு வருஷம் சோறு போட்டவர் அவர். யாரும் துக்கப்பட வேண்டாம், தேடுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் இருந்தது. கடைசியாக, அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை, இதோ இரண்டு ரூபாய் என்று.

அந்த இரண்டு ரூபாயை நினைத்து நான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். துறவு சம்பந்தமான கதைகளில் பாக்கிக் கணக்கு வருவதில்லை. பட்டினத்தார் ஒரு காதற்ற ஊசியைப் பார்த்துச் செல்வத்தையெல்லாம் விட்டுப் போனார் என்றுதான் கதை. இவன் தன்னையே கோடாகக் கிழித்துவிட்டுப் போகிறவன், சில்லறையைத் திருப்பிவைக்கிறான். புரியாமல் போய்விட்ட பிள்ளை விட்டுச்செல்லும் தடயங்கள் இந்த அளவில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அனுபவத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டான். இரண்டு ரூபாயைப் பற்றிச் சொல்வான். அதை அன்பு என்று படிப்பதா, கணக்குத் தீர்த்தல் என்று படிப்பதா? கடிதத்திலிருந்து முடிவுசெய்ய முடியாது. இரண்டும் ஒரே கையெழுத்தில்தான் இருக்கின்றன, கையெழுத்தில்லாமல்.

இனி, பெயரைத் தள்ளிவைத்ததற்குக் காரணம். இந்தக் கதையை நாம் எல்லோரும் பின்பக்கத்திலிருந்து படிக்கிறோம். பையன் மகரிஷியானான், ஆகவே போனது சரி, ஆகவே அண்ணனின் வார்த்தை தெய்வச் செயல், ஐந்து ரூபாயும் தெய்வச் செயல். 1896 ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலையில் அந்த வீட்டில் இந்த 'ஆகவே'க்கள் எதுவும் இல்லை. காணாமல்போன ஒரு பையன் இருந்தான், அவ்வளவுதான். பிற்பாடு மகான் ஆகிறவனிடம் பொறுமையாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்வது ஒழுக்கக் கேள்வியே அல்ல, அது லாபத்தில் முதலீடு செய்யச் சொல்லும் புத்திமதி. ஒழுக்கக் கேள்வி, முடிவு தெரியாத பையனைப் பற்றியது.

மீனாட்சியின் புராணத்திலேயே இந்தச் சலுகை இருக்கிறது. மலயத்துவச பாண்டியன் பிள்ளைக்காக வேள்வி செய்ய, மூன்று முலையோடு பெண்குழந்தை வருகிறது. அவன் கலங்குகிறான். உடனே அசரீரி: மகனைப்போல் வளர், கணவனைக் காணும்போது ஒன்று மறையும். பாண்டியன் பொறுத்துக்கொண்டதில் என்ன அதிசயம்? அவன் கையில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி இருந்தது. சிம்மக்கல்லில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அசரீரி கேட்பதில்லை.

அழகம்மாளுக்கும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. 1898-இல் மதுரை மடம் ஒன்றில் அண்ணாமலைத் தம்பிரான் என்பவர் திருவண்ணாமலையில் இருக்கும் ஓர் இளம் மௌனியைப் பற்றிப் பேசப்போய்ச் செய்தி தெரிந்தது. முதலில் சிறிய கொழுந்தன் நெல்லையப்பய்யர் போய்ப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் அழகம்மாள் நாகசாமியைக் கூட்டிக்கொண்டு போனாள். பவழக்குன்றில் பாறைமேல் படுத்திருந்தான். ஜடை, அழுக்கு, வளர்ந்த நகம், கோவணம். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் பலகாரம் செய்துகொண்டு மலையேறினாள். வா என்றாள். அவன் பேசவில்லை. ஒருநாள் கோபம் வந்து திட்டினாள், எழுந்து அப்பால் போய்விட்டான். ஒருநாள் அங்கிருந்தவர்களிடம் முறையிட்டு அழுதாள். பச்சையப்ப பிள்ளை என்பவர் மனம் பொறுக்காமல், பேசாவிட்டால் எழுதியாவது காட்டுங்கள் என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தார். எழுதினான். அவரவர் பிராரப்தப்படி நடப்பதை முயற்சியால் மாற்ற முடியாது, ஆகவே சும்மா இருப்பதே நல்லது என்ற கருத்தில்.

இந்தப் பதிலின் தத்துவ ஆழத்தைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஒரு தாய், ஒரு குறிப்பிட்ட டிசம்பரில், ஒரு குறிப்பிட்ட பையனிடம், வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்கிறாள். கிடைக்கும் பதிலில் 'நீ'யும் இல்லை, 'நான்'உம் இல்லை, 'அம்மா'வும் இல்லை. பிரபஞ்சத்தின் பொதுவிதி இருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் சிருஷ்டியைப் பற்றிப் பதில் வருவது அந்த வயதின் லட்சணம். அவனுக்கு அப்போது 18 முடிந்து 19 நடந்துகொண்டிருந்தது. அந்தப் பதிலில் ஞானம் எவ்வளவு, வயது எவ்வளவு என்று பிரித்துப்பார்க்க யாரும் துணிந்ததாகத் தெரியவில்லை. அழகம்மாள் திரும்பிப் போனாள். புரிந்துகொண்டா போனாள்? அப்படிச் சொல்ல ஆதாரம் ஏதுமில்லை. விடுமுறை முடிந்துவிட்டது என்பதுதான் காரணம். நாகசாமிக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சரித்திரத்தில் பல சரணாகதிகள் லீவு முடிந்ததால் நடந்தவை.

புரிதல் என்பதைப் பற்றி இந்த ஊரிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீடொன்றில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையைத் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். பெயர் தெரியாத லட்சக்கணக்கான ஏழைகளின் வெற்றுடம்பை அவர் புரிந்துகொண்டார், சந்தேகமில்லை. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1911-இல், மூத்த மகன் ஹரிலால் அவரோடு முறித்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவைவிட்டுப் போய்விட்டான். அந்த முறிவு கடைசிவரை ஒட்டவில்லை. ஹரிலாலைக் காந்திக்குப் புரியவில்லை என்று சொல்வது சுலபம். எனக்கோ நேர்மாறாகத் தோன்றுகிறது. மகனை முழுக்கப் புரிந்துவிட்டதாக அவர் நினைத்தார். தன் லட்சியத்தின் அளவுகோலில் எந்தப் புள்ளியில் மகன் நிற்கிறான் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. 'உன்னை எனக்குத் தெரியாதா' என்ற வீட்டு வாக்கியத்தில் இருப்பதும் இந்தப் புரிதல்தான். அது கதவைத் தட்டுவதில்லை, வீட்டுக்காரனாகவே உள்ளே வருகிறது. 1919-இல் காஃப்கா தகப்பனாருக்கு நூறு பக்கங்களுக்குக் குறையாமல் எழுதிய கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்திருந்தாலும், இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றிருப்பார் அவர் என்று ஏனோ நிச்சயமாகத் தோன்றுகிறது.

நான் ஒரு பெண்ணுக்குத் தகப்பன் என்பதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்குப் பதினாறு நடக்கிறது. சில மாதங்களாக என் கேள்விகளுக்கெல்லாம் "ஒண்ணுமில்லப்பா" என்று ஒரே பதில். அந்தப் பதிலைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. அதைவிடச் சுருக்கமாகவும் கண்ணியமாகவும் ஒரு கோட்டைக் கிழிக்க முடியாது. ஆனால் அவளை வைத்துப் பார்க்கும்போது சொக்கப்ப நாயக்கன் தெருக் கதையின் மறுபக்கம் தெரிகிறது. மூன்று ரூபாயோடு ரயிலேறிய பையனை நாம் கும்பிடுகிறோம். அவன் இருந்த வீட்டை மந்திரமாக்கி, உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றுகிறோம். அதே கடிதத்தை ஒரு பெண் எழுதி வைத்துவிட்டு, தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்த ஒருவனோடு போனால்? அவன் வேறு சாதி என்றால்? மதுரையைச் சுற்றிய சமவெளியிலும் அதற்குத் தெற்கேயும் இப்படிப் போன பெண்களைப் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் தேடிப் பிடித்துக் கொன்ற வழக்குகள் நீதிமன்றங்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த வீடுகளின் சுவர்களிலும் ரமணர் படம் மாட்டியிருக்கக்கூடும். கொன்றவர்கள் பெண்ணைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்பது மழுப்பல். அவள் என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்று அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்ததால்தான் கொன்றார்கள். பொறுமையைப் புரிதலின் விளைவாக வைக்கக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம். பிள்ளையின் உயிர் நம்முடைய அறிவின் தயவில் இருக்கக்கூடாது.

மறுபடி அழகம்மாள். இடையிடையே வந்து பார்த்துவிட்டுப் போனாள். 1914-இல் திருப்பதி யாத்திரையிலிருந்து திரும்பும்போது திருவண்ணாமலையில் தங்கினாள்; கடுமையான காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். மகன் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார் (இப்போது 'செய்தார்' என்றுதான் எழுத வருகிறது, வயது 34). அத்தோடு தாயின் நோயை நீக்கும்படி அருணாசலத்தை வேண்டி நான்கு பாட்டும் எழுதினார். விதிப்படி நடப்பதை யாராலும் மாற்ற முடியாது என்று பென்சிலால் எழுதிக்கொடுத்தவர்! பாஷ்யகாரர்கள் இந்த இரண்டு எழுத்துக்களுக்கும் முரண்பாடில்லை என்று சமாதானம் செய்திருக்கிறார்கள். முரண்பாடாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பதினாறு வருஷம் கழித்து, 'அம்மா'வுக்கு ஒரு பதில் வந்தது. இதற்காக அவள் காத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்கு அப்போது ஜுரவேகம்.

1916-இல் நிரந்தரமாக வந்துவிட்டாள். இதையும் பக்குவம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மூத்த மகன் இறந்துபோயிருந்தான். திருச்சுழி வீடு கைவிட்டுப் போயிருந்தது. ஒரு விதவைக்குப் போக்கிடம் எவ்வளவு இருக்கும்? வீட்டுக்கு வா என்று கூப்பிட அவளுக்கு வீடே இல்லை. அவன் வராத இடத்துக்கு அழைப்பதை நிறுத்திவிட்டு, அவன் இருந்த இடத்துக்குத் தான் போனாள். போனதும் அடுப்பை மூட்டினாள். அதுவரை கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலையடியார் கூட்டத்துக்கு ஒரு சமையல்கட்டு வந்தது. அப்போதும் இருவருக்கும் ஒத்துப்போயிற்று என்றில்லை. எல்லாப் பெண்களும் எனக்குத் தாயார்தான் என்று ஒதுக்குவார், அவள் அழுவாள். வெங்காயம், மடி, தீட்டு என்று அவள் பார்த்த ஆசாரத்தைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போகவில்லை. 1922 மே 19 அன்று, அவள் உயிர் பிரியும்வரை ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் சமாதியைச் சுற்றித்தான் பிறகு ஆசிரமம் வளர்ந்தது.

இவ்வளவும் பதிவில் இருக்கிறது, முடிவு தெரிந்த கதையாகையால். பதிவில் இன்னொரு சம்பவமும் ஓரமாக வருகிறது. அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தகவல் இல்லாமல் இருந்த அந்த இரண்டு வருஷத்தில், பையன் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திருவனந்தபுரத்தில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். நெல்லையப்பய்யர் போய்த் தேடிவிட்டு வந்தார். அழகம்மாள் நம்பாமல், தன்னையும் அழைத்துப்போகச் சொல்லி அவளும் போனாள். அங்கே வேங்கடராமன் வயதும் உயரமுமாக ஒரு பையனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தான். தன் மகன்தான், தன்னை வேண்டாமென்று போகிறான் என்று முடிவுசெய்து, மனம் உடைந்து ஊர் திரும்பினாள். வேங்கடராமன் அப்போது திருவண்ணாமலையில் இருந்தான். முதுகைத் திருப்பிக்கொண்டு போன அந்தப் பையன் யார், எந்த ஊர், யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருந்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.